அசைவை மட்டும் சொல்லும் கண்: ஒளி சென்சார்களும் நெல்லை மலையடிவாரமும்

அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி பக்கத்து அரிசி மில்களில் ‘சார்டெக்ஸ்’ என்றால் எல்லாருக்கும் தெரியும். நெல்லை அரைத்து, தவிடு நீக்கி, கடைசியில் கறுப்பு அரிசி, பழுப்பு அரிசி, கல் எல்லாவற்றையும் பிரித்துத் தள்ளும் இயந்திரம் அது. அரிசி சாய்வான தகட்டில் வழுக்கிக்கொண்டு வந்து கீழே விழுகிறது. விழும் வழியில் ஒரு கேமரா பார்க்கிறது. சாதாரண கேமராவில் இருப்பதுபோல நீள அகலமான படம் அதற்குக் கிடைக்காது. ஒரே ஒரு வரிசை பிக்சல்தான். அரிசி அந்த வரிசையைக் கடந்து போவதால், வரிசை வரிசையாக அடுக்கிப் படம் உண்டாகிறது. கறுப்பு மணி ஒன்று தெரிந்தால், அந்த இடத்துக்கு நேரே கீழே இருக்கும் காற்றுக்குழாய் சட்டென்று திறந்து அதை மட்டும் தள்ளிவிடும்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அரிசி விநாடிக்கு 3 மீட்டர் வேகத்தில் விழுகிறது, கேமரா பார்க்கும் இடத்துக்கும் காற்று அடிக்கும் இடத்துக்கும் இடையே 3 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். நடுவில் கிடைக்கும் நேரம் விநாடியில் நூறில் ஒரு பங்கு. அதற்குள் பார்க்க வேண்டும், கறுப்பா வெள்ளையா என்று முடிவு செய்ய வேண்டும், சரியான குழாயைச் சரியான நொடியில் திறக்க வேண்டும். நாள் முழுக்க இது நடக்கிறது. நகரும் பொருளை ஒளியால் பின்தொடரும் தொழில்நுட்பம் ஏதோ வெளிநாட்டு ஆய்வகத்தில் மட்டும் இருப்பதாக நினைப்பவர்கள், வீட்டில் வேகும் சோற்றைப் பார்த்தாலே போதும். அம்பை 16 இட்லி அரிசி பல வீடுகளுக்கு இந்தக் கண்ணைத் தாண்டித்தான் வருகிறது.

ஆனால் மில்லுக்குள் எல்லாம் சாதகம். அரிசி எந்தத் திசையில் வரும், எவ்வளவு வேகத்தில் வரும் என்பது முன்பே தெரியும். விளக்கு மாறாது, பின்னணி மாறாது. அங்கிருந்து மேற்கே கொஞ்ச தூரம் போனால் பாபநாசம், சிவசைலம், கடையம்; தெற்கே களக்காடு, திருக்குறுங்குடி. மலையடிவாரத்து வயலில் ராத்திரி எது வரும், எந்தப் பக்கமிருந்து வரும், எத்தனை வரும் என்று யாருக்கும் தெரியாது. காட்டுப்பன்றி, மிளா மான், கரடி, சில இடங்களில் யானை. ஏத்தன் வாழை போட்டவர்களுக்கு ஒரு ராத்திரி போதும், ஒரு வருஷத்து உழைப்பு போய்விடும். அங்கே தேவைப்படும் சென்சார் வேறு ரகம். ஒளியை அளந்து எண்ணாக அனுப்பினால் மட்டும் அதற்குப் போதாது. பார்க்கிற இடத்திலேயே ‘அசைந்தது, இந்தப் பக்கம் போகிறது, இது காற்று இல்லை, உருவம்’ என்று சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். உலகம் முழுக்க ஒளி சென்சார் ஆராய்ச்சி கடந்த முப்பது வருஷமாக மெல்ல மெல்ல இந்தப் பக்கம்தான் நகர்ந்துகொண்டிருக்கிறது. உணர்வது, நினைவில் வைப்பது, கணக்கிடுவது என்ற மூன்று வேலைகளும் ஒரே சில்லுக்குள் (‘சிப்’) வருகின்றன. நம் ஊருக்கு இதில் என்ன இருக்கிறது என்று பார்ப்பதுதான் இந்தக் கட்டுரையின் வேலை.

ஒரு கண், இரண்டு கண், நாலு கண்

அடிப்படையிலிருந்து போவோம். செலினியத்தின் மேல் வெளிச்சம் பட்டால் அதன் மின்தடை மாறுகிறது என்று வில்லோபி ஸ்மித் 1873ல் கண்டார். தெருவிளக்கு தானாக எரிய உதவிய ‘எல்.டி.ஆர்.’ சென்சார் அந்த வழியில் வந்தது. இன்று பெரும்பாலான இடங்களில் இருப்பது சிலிக்கான் போட்டோடயோடு. ஒளித்துகள் உள்ளே விழுந்தால் ஓர் எலெக்ட்ரான் விடுபடும், மின்னோட்டம் ஓடும்.

ஒரே ஒரு போட்டோடயோடு இருந்தால் வெளிச்சம் கூடியதா குறைந்ததா என்பது மட்டும் தெரியும். ஏதோ குறுக்கே போனது என்று ஊகிக்கலாம். இடமிருந்து வலமா, வலமிருந்து இடமா என்று சொல்ல முடியாது. அதற்கு இரண்டு வேண்டும். 1956ல் ஜெர்மனியில் ஹாசென்ஸ்டைன், ரைக்கார்ட் என்ற இருவர் ஒரு வண்டின் பார்வையை ஆராய்ந்து, உயிருள்ள கண் திசையை எப்படி அறிகிறது என்பதற்கு ஒரு மாதிரி சொன்னார்கள். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு உணரிகள். முதலாவதின் சமிக்ஞையைக் கொஞ்சம் தாமதப்படுத்தி, இரண்டாவதின் சமிக்ஞையோடு பெருக்கு. பொருள் முதலாவதிலிருந்து இரண்டாவதுக்குப் போனால், தாமதமான பழைய சமிக்ஞையும் புதிய சமிக்ஞையும் ஒரே நேரத்தில் வந்து சேரும், பெருக்குத்தொகை பெரிதாகும். எதிர்த்திசையில் போனால் சேராது. இவ்வளவுதான். படம் இல்லை, உருவம் இல்லை, கம்ப்யூட்டர் இல்லை. தாமதமும் பெருக்கலும் மட்டும். இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த யோசனை இதுதான், ஏனென்றால் அசைவை அறிய முதலில் படம் வேண்டும் என்ற எண்ணத்தையே இது உடைக்கிறது.

நாலு துண்டாகப் பிரித்த போட்டோடயோடு இன்னும் ஒரு படி மேலே. ஒளிப்புள்ளி நடுவில் விழுந்தால் நாலும் சமம். வலப்பக்கம் நகர்ந்தால் வலது இரண்டும் கூடும். வலதின் கூட்டுத்தொகையிலிருந்து இடதின் கூட்டுத்தொகையைக் கழித்து, மொத்தத்தால் வகுத்தால் புள்ளி எங்கே இருக்கிறது என்பது வந்துவிடும். மொத்தத்தால் வகுப்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது, வெளிச்சம் மங்கினாலும் இடம் தப்பாது. ஒரு காலத்தில் வீட்டுக்கு வீடு இருந்த சிடி பிளேயருக்குள் இதே நாலு துண்டு சென்சார் லேசர் புள்ளியைத் தடத்தில் பிடித்து வைத்திருந்தது. சூரியன் மணிக்கு 15 டிகிரி நகர்கிறது. அதைத் துரத்தும் சோலார் தகடுகளில் சிலவற்றில் இன்னும் எளிதாக, நடுவே ஒரு தடுப்பும் இரண்டு பக்கமும் இரண்டு சென்சாரும் இருக்கும். எந்தப் பக்கம் நிழல் விழுகிறதோ, அதற்கு எதிர்ப்பக்கம் மோட்டார் திரும்பும்.

மேஜை மேல் இருக்கும் ஆப்டிகல் மவுஸும் இந்தக் குடும்பம்தான். அதன் அடியில் சில நூறு பிக்சல்களே உள்ள குட்டிக் கேமரா, விநாடிக்கு ஆயிரக்கணக்கில் மேஜைப் பரப்பைப் படமெடுத்து, முந்தைய படத்தோடு ஒப்பிட்டு, எவ்வளவு நகர்ந்தது என்று அந்தச் சில்லிலேயே கணக்குப் போட்டுவிடுகிறது. கம்ப்யூட்டருக்குப் போவது படம் அல்ல. ‘இவ்வளவு வலது, இவ்வளவு மேலே’ என்ற இரண்டு எண்கள் மட்டும்.

வெயிலும் காற்றும்

வாசலில் ஆள் வந்தால் எரியும் விளக்கு, ஏ.டி.எம். அறை, காட்டில் கட்டியிருக்கும் தானியங்கி கேமரா எல்லாவற்றிலும் இருப்பது ‘பி.ஐ.ஆர்.’ சென்சார். நம் கண்ணுக்குத் தெரியாத, உடல் சூட்டிலிருந்து வரும் அகச்சிவப்பு ஒளியை அது பார்க்கிறது. அலைநீளம் சுமார் 8 முதல் 14 மைக்ரான். அதன் உள்ளே இருக்கும் பொருளுக்கு ஒரு குணம்: சூடு மாறும்போது மட்டும் மின்னூட்டம் காட்டும், மாறாமல் இருந்தால் சும்மா இருக்கும். அதனால் அசையாத எதுவும் அதற்கு இல்லாததுபோல. இரண்டு துண்டுகளை எதிரெதிராக இணைத்திருப்பார்கள். மேகம் மறைத்து வெயில் குறைந்தால் இரண்டும் ஒன்றாக மாறி ஒன்றையொன்று அழித்துவிடும். ஓர் உடல் குறுக்கே போனால் முதலில் ஒன்றிலும் பிறகு மற்றதிலும் மாற்றம் வரும், அலை எழும். முன்னால் இருக்கும் வரிவரியான வெள்ளை பிளாஸ்டிக் மூடி ஒரு லென்ஸ்; பார்வைப் பரப்பைப் பல பட்டைகளாக வெட்டித் தருவது அதுதான்.

இதிலிருந்து வயல்காரருக்கு நேரடியாகப் பயன்படும் ஒன்று கிடைக்கிறது. பட்டைகளைக் குறுக்காகக் கடக்கும் உடல்தான் இதற்கு நன்றாகத் தெரியும். சென்சாரை நோக்கி நேராக நடந்து வரும் யானை ஒரே பட்டைக்குள் வெகுநேரம் இருக்கும், சமிக்ஞை பலவீனமாக வரும். தடத்தைப் பார்த்து நேர் எதிரே கட்டினால் தப்பு. தடத்துக்குப் பக்கவாட்டில், விலங்கு குறுக்கே போகும்படி கட்ட வேண்டும். பல இடங்களில் ‘சென்சார் வேலை செய்யவில்லை’ என்று கழற்றி வைத்துவிடுவதற்குக் காரணம் கட்டிய கோணமாக இருக்கக்கூடும்.

அடுத்தது நம் வெயில். பி.ஐ.ஆர். பார்ப்பது சூட்டை அல்ல, சூட்டு வித்தியாசத்தை. கோடையில் பாளையங்கோட்டையில் வெப்பம் 38, 40 டிகிரி வரை ஏறும் நாட்களில், விலங்கின் தோலும் பின்னணியும் ஏறக்குறைய ஒரே சூட்டில் இருக்கும், வித்தியாசம் காணாமல் போகும். பொத்தை என்று நாம் சொல்லும் சிறு குன்றுகளின் மொட்டைப் பாறை மத்தியானத்தில் விலங்கைவிடச் சூடாக இருக்கும். விடியற்காலையில் அதே பாறை குளிர்ந்து கிடக்கும். சூடேறும்போது ஒரு முறை, ஆறும்போது ஒரு முறை, ஆக தினம் இரண்டு தடவை பாறையும் விலங்கும் ஒரே சூட்டில் வந்து நிற்கும் வேளை உண்டு. வெப்பக் கேமராவுக்கும் அந்த வேளை கஷ்டம்தான். காலையும் சாயங்காலமும் விலங்குகள் நடமாடும் நேரம் என்பதால் இதைச் சின்ன விஷயமாக ஒதுக்க முடியாது.

வெயிலைவிடப் பெரிய தொல்லை காற்று. ஆனி, ஆடி மாதங்களில் செங்கோட்டைக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து வரும் காற்றைத் தெரியாதவர்கள் இங்கே கிடையாது. குற்றாலத்தில் சாரலைக் கொண்டுவருவதும், கயத்தாறில் காற்றாலைகளைச் சுற்ற வைப்பதும் அதுதான். வெயிலில் சூடான வாழை இலை ஒன்று அந்தக் காற்றில் ஆடினால், பி.ஐ.ஆர். சென்சாருக்கு அது ஒரு சூடான உடல் குறுக்கே போவதுபோலவே தெரியும். தானியங்கி கேமராவில் ஆயிரம் படம் இருந்தால் அதில் பாதிக்கு மேல் வெறும் புல்லும் இலையுமாக இருப்பது உலகம் முழுக்கக் காட்டுயிர் ஆய்வாளர்கள் அனுபவிக்கும் விஷயம். 2018 புலிக் கணக்கெடுப்பில் இந்தியா முழுவதும் 26,838 இடங்களில் கேமராக்கள் வைக்கப்பட்டு, கிடைத்த படங்கள் 3.48 கோடிக்கு மேல். கின்னஸ் சாதனையாகப் பதிவானது. அவற்றில் புலி இருந்த படங்கள் 76,651, சிறுத்தை இருந்தவை 51,777. மீதியைப் பிரித்து எடுக்கப் பெரும் உழைப்பும் மென்பொருளும் தேவைப்பட்டன. களக்காடு முண்டந்துறை 1988லிருந்து புலிகள் காப்பகம், தமிழ்நாட்டின் முதல் காப்பகம் அதுவே. அங்கேயும் இதே முறையில்தான் கணக்கெடுக்கிறார்கள்.

கணக்கெடுப்புக்கு இது பரவாயில்லை, படத்தை ஒரு மாதம் கழித்துக்கூடப் பார்க்கலாம். வயல்காவலுக்கு ஆகாது. சரி, கேமராவை எப்போதும் ஓடவிட்டு, படத்தை எல்லாம் நகரத்தில் இருக்கும் சர்வருக்கு அனுப்பிப் பார்க்கச் சொன்னால் என்ன? 1280க்கு 720 பிக்சல் கேமரா விநாடிக்கு 30 படம் எடுத்தால், ஒரு விநாடியில் 2.76 கோடி எண்கள். ஒரு நாளைக்குச் சுமார் 2.39 லட்சம் கோடி. அதில் 99 சதவீதத்துக்கு மேல் நேற்று இருந்த அதே மரம், அதே வரப்பு. ஒன்றும் மாறவில்லை என்ற செய்தியைக் கோடிக்கணக்கான முறை திரும்பத் திரும்பச் சொல்ல மின்சாரமும் சிக்னலும் செலவாகிறது. மலையடிவாரத்தில் இரண்டுமே தாராளமாக இருக்கும் பொருள் அல்ல. கோவை மதுக்கரையில் ரயில் பாதையில் யானைகளைக் காக்க 2024ல் வனத்துறை அமைத்த செயற்கை நுண்ணறிவு முறை நல்ல முயற்சி. கோபுரங்கள், சாதாரண கேமரா, வெப்பக் கேமரா, கட்டுப்பாட்டு அறை என்று பல கோடி ரூபாயில் அமைந்தது. ஒரு ரயில் பாதைக்கு அது நியாயமான செலவு. அடிவாரத்து ஒவ்வொரு விளைநிலத்துக்கும் அப்படிக் கோபுரம் கட்ட முடியாது.

விழித்திரை செய்யும் வேலை

நம் கண்ணைக் கவனித்தால் வழி தெரியும். மனித விழித்திரையில் ஒளியை வாங்கும் செல்கள் சுமார் 12 கோடிக்கு மேல். மூளைக்குப் போகும் நரம்பிழைகளோ ஏறக்குறைய 10 லட்சம்தான். நூறு பேர் பார்த்ததை ஒருவர் போய்ச் சொல்வதுபோல, விழித்திரையே சுருக்கி, வடிகட்டி, மாறியதை மட்டும் அனுப்புகிறது. 1959ல் தவளையின் கண்ணை ஆராய்ந்த லெட்வின் குழு, சின்னதாக, கறுப்பாக, அசைகிற பொருள் வந்தால் மட்டும் துடிக்கும் நரம்பிழைகள் இருப்பதைக் கண்டது. தவளைக்குப் பூச்சிதான் முக்கியம். அந்தத் தீர்ப்பு மூளைக்குப் போகும் முன் கண்ணிலேயே முடிந்துவிடுகிறது.

1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் கால்டெக்கில் மிஷா மஹோவால்டும் கார்வர் மீடும் இதைச் சிலிக்கானில் செய்து பார்த்தார்கள், ‘சிலிக்கான் விழித்திரை’ பிறந்தது. அதன் வாரிசு 2008ல் சூரிக்கிலிருந்து வந்தது. லிக்ஸ்டைனர், போஷ், டெல்ப்ரூக் மூவரும் செய்த 128க்கு 128 பிக்சல் சென்சாரில் ‘படம்’ என்று ஒன்றே கிடையாது. ஒவ்வொரு பிக்சலும் தனித்தனியாகத் தன் வெளிச்சத்தை நினைவில் வைத்துக்கொள்கிறது. அது ஒரு குறிப்பிட்ட விகிதத்துக்கு மேல் கூடினாலோ குறைந்தாலோ, ‘நான் இந்த இடத்துப் பிக்சல், கூடியது’ அல்லது ‘குறைந்தது’ என்று ஒரு சிறு செய்தி அனுப்பிவிட்டு, புது வெளிச்சத்தை நினைவில் எழுதிக்கொள்கிறது. மாறாவிட்டால் பேசாது. ‘ஈவென்ட் கேமரா’ என்று இதைச் சொல்கிறார்கள்.

இதில் மூன்று நன்மை. முதலாவது வேகம். அந்தச் சென்சாரின் தாமதம் 15 மைக்ரோ விநாடி (விநாடியைப் பத்து லட்சமாகப் பிரித்தால் ஒரு பங்குதான் மைக்ரோ விநாடி). தாழையூத்து சங்கர் நகர் மைதானத்தில் ஒருவர் மணிக்கு 126 கிலோமீட்டர் வேகத்தில் பந்து போட்டால், சாதாரண வீடியோவின் இரண்டு படங்களுக்கு இடையில் பந்து ஒரு மீட்டருக்கு மேல் நகர்ந்துவிடும். 15 மைக்ரோ விநாடியில் அது நகர்வது அரை மில்லிமீட்டர். இரண்டாவது, விகிதத்தைப் பார்ப்பதால் வெயிலும் நிழலும் அதற்கு ஒன்று. பனங்காட்டுக்குள் ஓர் அடி பளிச்சென்ற வெயில், அடுத்த அடி கறுத்த நிழல் என்று இருக்கும். சாதாரண கேமரா ஒன்றைப் பிடித்தால் மற்றது வெளுத்தோ கறுத்தோ போகும். ஈவென்ட் கேமராவின் தாங்கும் வரம்பு 120 டெசிபல், அதாவது மிக மங்கலுக்கும் மிகப் பிரகாசத்துக்கும் இடையே பத்து லட்சம் மடங்கு. மூன்றாவது, பேசாத பிக்சல் செலவழிக்காது. இன்று சோனியும் பிரான்சின் ப்ரோஃபெசீயும் சேர்ந்து 1280க்கு 720 பிக்சலில் இதைத் தயாரிக்கிறார்கள். விலைதான் இன்னும் ஒரு விவசாயி யோசிக்கும் எல்லைக்குள் வரவில்லை.

குறையும் உண்டு. பன்றி அசையாமல் நின்று கிழங்கைத் தோண்டினால் அதன் பெரும்பகுதி மறைந்துவிடும், தலை அசைவு மட்டும் தெரியும். நிறம் தெரியாது. அதனால் இரண்டு வேலையையும் ஒரே பிக்சலில் சேர்க்கும் முயற்சி நடந்தது. 2014ல் சூரிக் குழுவே சாதாரணப் படமும் ஈவென்டும் சேர்த்துத் தரும் சென்சாரைக் காட்டியது. 2024 மே மாதம் சீனாவின் சிங்ஹுவா பல்கலைக்கழகத்திலிருந்து ‘தியான்மோக்’ சில்லு வந்தது. ஒரே சில்லில் இரண்டு பாதை: ஒன்று நிறத்தோடு நிதானமாக, துல்லியமாகப் பார்க்கும், மற்றது விநாடிக்கு 10,000 முறை வரை மாற்றத்தை மட்டும் பார்க்கும். அனுப்ப வேண்டிய தகவல் 90 சதவீதம் குறைகிறது என்று அவர்கள் காட்டியிருக்கிறார்கள்.

கணக்கையும் உள்ளே கொண்டுவருவது அடுத்த கட்டம். வியன்னா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் 2020ல் செய்தது இதற்கு நல்ல உதாரணம். டங்ஸ்டன் டைசெலினைடு என்ற, சில அணுத் தடிமனே உள்ள ஏட்டில் 27 சிறு ஒளி உணரிகள். ஒவ்வொன்றும் ஒளிக்கு எவ்வளவு ‘மதிப்பு’ கொடுக்க வேண்டும் என்பதை மின்னழுத்தத்தால் கூட்டலாம், குறைக்கலாம், எதிர்மறைகூட ஆக்கலாம். விழும் ஒளியின் அளவை அந்த மதிப்பு பெருக்குகிறது. எல்லா மின்னோட்டங்களும் ஒரே கம்பியில் வந்து கலக்கும்போது கூட்டலும் தானே நடந்துவிடுகிறது. நரம்பு வலையமைப்பு என்று சொல்லும் செயற்கை நுண்ணறிவின் அடிப்படைக் கணக்கு இந்தப் பெருக்கலும் கூட்டலும்தான். ஆக, எளிய எழுத்து வடிவங்களைச் சுமார் 50 நானோ விநாடியில் (நானோ என்பது மைக்ரோவில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அது அடையாளம் கண்டது. தனியாக ஒரு கம்ப்யூட்டர் கணக்குப் போடவில்லை. ஒளி விழுந்ததே கணக்கு. 27 உணரிகளை வைத்து யானையை அடையாளம் காண முடியாது, அது வேறு. ஆனாலும் வழி திறந்துவிட்டது.

இன்னொன்று, நம் மாவட்டத்துக்கு நெருக்கமானது. சோலார் செல்லும் போட்டோடயோடும் அடிப்படையில் ஒரே அமைப்பு: இரண்டு வகை சிலிக்கான் சந்திக்கும் பி-என் சந்தி. ஒன்றை மின்சாரத்துக்குப் பயன்படுத்துகிறோம், மற்றதை அளக்கப் பயன்படுத்துகிறோம். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஸ்ரீ நாயர் 2015ல் இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்யும் கேமராவைச் செய்தார். 30க்கு 40 பிக்சல். ஒவ்வொரு பிக்சலும் ஒரு கணம் படத்துக்காக ஒளியை அளக்கும், மறுகணம் அதே ஒளியிலிருந்து மின்சாரம் எடுத்துக் கேமராவை ஓட்டும். பேட்டரியே வேண்டாம். கங்கைகொண்டானில் டாடா பவரின் 4.3 ஜிகாவாட் சோலார் செல், தகடு ஆலை இருக்கிறது. அதே இயற்பியல் அங்கே ஒரு வேலையை மட்டும் செய்கிறது. பேட்டரி மாற்றக் காட்டுக்குள் ஆள் போக வேண்டியிருக்கிறதே என்று கவலைப்படும் யாருக்கும் இந்த இரட்டைப் பயன் முக்கியமாகத் தெரியும்.

எல்லாவற்றுக்கும் ஒரே கண் போதாது

பல வேலை செய்யும் சென்சார் என்றதும் எல்லா வேலைக்கும் அது ஒன்றே போதும் என்று நினைத்துவிடக் கூடாது. நம் பக்கத்திலேயே அதற்கு நேர்மாறான உதாரணங்கள் இருக்கின்றன. கிருஷ்ணாபுரத்தில் இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனத்தின் ஆய்வகம் இருக்கிறது. அங்கே ராத்திரி வானத்தை முழுதாகப் படமெடுக்கும் கேமரா, சுமார் 250 கிலோமீட்டர் உயரத்தில் ஆக்சிஜன் அணுக்கள் வெளியிடும் 630 நானோமீட்டர் சிவப்பு ஒளியைப் பார்த்து, மேல் வளிமண்டலத்தில் மின்னேறிய துகள்கள் நிறைந்த அயனி மண்டலத்துக் குமிழ்கள் கிழக்கே நகர்வதைப் பின்தொடர்ந்திருக்கிறது. ஜி.பி.எஸ். சிக்னலைக் குலைக்கும் குமிழ்கள் அவை. கண்ணுக்கே தெரியாத அவ்வளவு மங்கலான ஒளியைச் சேகரிக்க நெடுநேரம் ஷட்டரைத் திறந்து வைக்க வேண்டும். மைக்ரோ விநாடி வேகம் அங்கே எதற்கும் உதவாது, பொறுமைதான் வேண்டும்.

மகேந்திரகிரியில் சோதித்த சிஇ-20 கிரையோஜெனிக் எஞ்சின் 2023ல் சந்திரயான்-3ஐத் தூக்கிச் சென்றது. ஆகஸ்ட் 23 அன்று விக்ரம் நிலவில் இறங்கியபோது, உயரம் அளக்க லேசர் கருவி, வேகம் அளக்கப் புதிதாகச் சேர்த்த லேசர் டாப்ளர் கருவி, பள்ளம் பாறை பார்த்து ஒதுங்கக் கேமரா என்று தனித்தனிக் கண்கள் வேலை செய்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரு தனி வேலை.

வயலுக்குத் திரும்பினால், ஈவென்ட் கேமராவின் பலமே இங்கே பலவீனமாகும் ஒரு சிக்கல் இருக்கிறது. வெளிநாட்டு விளக்கங்களில் இதைப் பெரிதாகச் சொல்வதில்லை. அசைவதை மட்டும் சொல்லும் கண்ணை, ஆடி மாதக் காற்றில் வாழைத் தோட்டத்தின் முன் வைத்தால் என்ன ஆகும்? எல்லா இலையும் அசையும், எல்லாப் பிக்சலும் பேசும். பேசாத பிக்சலால் வந்த சிக்கனம் முழுக்கப் போய்விடும். சத்தம் நிறைந்த அந்த வெள்ளத்தில் பன்றியின் அசைவு மூழ்கிவிடும். இதற்குத் தீர்வு இல்லாமல் இல்லை. இலை ஆடுவது முன்னும் பின்னும் ஒரே இடத்தில். விலங்கு நகர்வது ஒரு பக்கமாக, இடம் விட்டு இடம். 1956ன் அந்தத் தாமதமும் பெருக்கலும் இங்கேதான் மறுபடி உதவுகின்றன. ஒரு திசையில் தொடர்ந்து வரும் சமிக்ஞையை மட்டும் சேர்த்து, முன்னும் பின்னும் போவதைத் தானே அழியவிடலாம். அதோடு ஒரு வெப்ப உணரியையும் இணைத்தால், ‘திசையோடு நகர்கிறது, பின்னணியைவிட வேறு சூடு’ என்ற இரண்டும் சேரும்போது மட்டும் மணி அடிக்கும். சூடு ஒன்றாகிப் போகும் காலை, மாலை வேளைகளில் திசை காப்பாற்றும். காற்று அதிகமான வேளையில் சூடு காப்பாற்றும். தூரமும் தெரிய வேண்டுமானால் லேசர் துடிப்பு அனுப்பித் திரும்பி வரும் நேரத்தை அளக்கும் சென்சார் உண்டு: ஒளி ஒரு நானோ விநாடியில் 30 சென்டிமீட்டர் போகும், 100 மீட்டர் தள்ளி நிற்கும் உடலிலிருந்து திரும்பி வர 667 நானோ விநாடி. வேலிக்கு அந்தப் பக்கமா இந்தப் பக்கமா என்பதை அது சொல்லிவிடும்.

மனிதர்களைப் பற்றியும் பேச வேண்டும். அடிவாரத்துத் தடங்களில் நடப்பது விலங்கு மட்டுமல்ல. விறகுக்கும், மாட்டுக்கும், குளிக்கவும் போகிறவர்கள், முக்கியமாகப் பெண்கள், அதே வழியில்தான் போகிறார்கள். உத்தராகண்டின் கார்பெட் காப்பகத்துப் பக்கம் தானியங்கி கேமராக்களும் டிரோன்களும் பெண்களை அச்சுறுத்தவும் அவமானப்படுத்தவும் பயன்பட்டதைக் கேம்பிரிட்ஜ் ஆய்வு ஒன்று 2024ல் வெளிப்படுத்தியது. படமே சேமிக்காமல், ‘பெரிய உடல், மலையிலிருந்து வயலை நோக்கி’ என்று மட்டும் சொல்லும் சென்சார் இந்த விஷயத்தில் மிகவும் நல்லது என்பது என் உறுதியான எண்ணம். ஈவென்ட் கேமரா என்றாலே அந்தரங்கம் காப்பாற்றப்படும் என்று விற்பவர்கள் சொன்னால் அப்படியே நம்ப வேண்டாம். அதன் மூலத் தகவலை வெளியே அனுப்பினால் அதிலிருந்து முகம் தெரியும் படத்தை மென்பொருளால் மீட்டெடுக்க முடியும். தீர்ப்பு சில்லுக்குள்ளேயே முடிந்து, மூலத் தகவல் அங்கேயே அழிய வேண்டும். வாங்கும்போது பஞ்சாயத்தும் வனத்துறையும் கேட்க வேண்டிய கேள்வி இது.

மலிவான பதிப்பு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. இரண்டு பி.ஐ.ஆர். சென்சாரைத் தடத்துக்குப் பக்கவாட்டில் சில அடி இடைவெளியில் கட்டி, முதலாவது அடித்துச் சில விநாடிக்குள் இரண்டாவது அடித்தால் மட்டும் மணி என்று சின்ன நுண்கட்டுப்படுத்தியில் (‘மைக்ரோகன்ட்ரோலர்’) எழுதினால், திசை அறியும் சென்சார் தயார். மலையிலிருந்து இறங்கினால் ஒலிக்கும், திரும்பிப் போனால் ஒலிக்காது. இலையசைவு பெரும்பாலும் ஒன்றை மட்டும் எழுப்பும் என்பதால் வீண் மணிகள் நன்றாகக் குறையும். பொறியியல் மாணவர்கள் இறுதியாண்டில் செய்யக்கூடிய வேலைதான். திருநெல்வேலி அரசுப் பொறியியல் கல்லூரியும், அண்ணா பல்கலைக்கழக வளாகமும், அபிஷேகப்பட்டியில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகமும் இருக்கும் ஊர் இது. ஆழ்வார்குறிச்சியில் அந்தப் பல்கலைக்கழகத்தின் சுற்றுச்சூழல் ஆய்வு மையம் மலைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

அவர்கள் செய்யக்கூடிய இன்னொரு வேலை, வேறு யாரும் நமக்காகச் செய்து தராத வேலை. ஒரு சென்சாரைப் பழக்க அது பார்க்கப்போகும் இடத்தின் பதிவு வேண்டும். ஐரோப்பியத் தெருக்களிலும் ஆய்வகத்து மேஜையிலும் எடுத்த பதிவுகளில் பழகிய சில்லுக்கு, ஏத்தன் இலை கிழிந்து படபடப்பது எப்படி என்று தெரியாது, ஓடை மரத்து நிழல் வரப்பில் ஓடுவதும் தெரியாது. வைகாசி கடைசியிலிருந்து ஆவணி வரை, வாழை, நெல், பனை, பொத்தை என்று நாலைந்து விதப் பின்னணியில், பகலிலும் ராத்திரியிலும், காற்றின் வேகத்தையும் பாறையின் சூட்டையும் கூடவே குறித்துக்கொண்டு, விலங்கு வராத நேரத்தின் அசைவுகளை முதலில் பதிவு செய்ய வேண்டும். விலங்கு வந்த நேரத்தின் பதிவு அப்புறம். அந்தத் தொகுப்பைப் பொதுவில் வைத்தால், எந்த நாட்டுச் சில்லு வந்தாலும் அதைத் தூக்கிக்கொண்டு வந்து இந்தக் காற்றில் சோதித்துப் பார்த்துவிட்டு வாங்கலாம்.